வெள்ளச்சியின் பெட்டிக்குள் என்ன விரித்திருந்தாய்?

என் அஞ்சலப்புள்ளைக்கு,

நீ போய் நாலு மாதமாகிறது. என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்க நீ இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். வெள்ளச்சியின் பெட்டிக்குள் அடியில் என்னதான் விரித்து வைத்திருந்தாய்?

பெண்டாட்டி செத்து நாலு மாதத்தில் முயலைப் பற்றியா கடிதம் என்று கேட்பாய். ஆமாம், முயலைப் பற்றித்தான். தோட்டத்துத் துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது உன் கையில் கொடுத்துவிட்டுப் போன முயல் அது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிய அன்று நீ என்னிடம் வேறென்ன சொன்னாய்? "வெள்ளச்சியப் பாத்துக்கங்க மாமா." நானும், "அதுக்கென்ன, பாத்துக்கிறேன் போ" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது லயத்துப் பெண்கள் நம் ஒற்றை அறைக் காம்பிராவைக் கழுவி விட்டிருந்தார்கள். முயல் பெட்டி மட்டும் கழுவாமல் கிடந்தது. அதையும் கழுவ வேண்டுமென்று எனக்கு எப்படித் தோன்றியதோ! உள்ளே இருந்ததையெல்லாம் வாரிச் சாக்கடைக் கானில் கொட்டினேன். அடியில் இருந்த பலகை ஊறிப்போயிருந்தது, பிடுங்கி அடுப்பில் வைத்தேன். எதை வாரினேன் என்று பார்க்கவே இல்லை புள்ள. அன்றைக்கு என் கண்ணுக்கு எது தெரிந்தது?

பிறகு என் மூளையைப் பாவித்தேன். பத்தொன்பது வருஷமாகத் தேயிலை ஸ்டோர் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவன் நான். அடியில் காற்று ஓடினால் எதுவும் அழுகாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, கழித்துப்போட்ட சல்லடைக் கம்பியை வாங்கிவந்து பெட்டிக்கு அடித்தளமாக அடித்தேன். புழுக்கை கீழே விழுந்தது, மூத்திரம் வடிந்தது, பெட்டி காய்ந்து சுத்தமாக இருந்தது. நானும் ஊரைக் கூட்டிக் காட்டினேன்.

கொழுந்துக்குக் கால் கிடையாது என்பதை யோசிக்காமல் விட்டேன். இரண்டு வாரத்தில் வெள்ளச்சியின் பின்னங்கால் குதியில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. கீழேயிருந்து ஏறுகிற பனிக்காற்றில் உடம்பெல்லாம் நடுக்கம் வேறு.

கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பலகை அடித்தேன். ஈரம் தங்கியது. "மரத்தூளப் போடுங்கண்ணே, பஞ்சு கணக்கா இருக்கும்" என்றான் ஆசாரி. தைலமரத் தூளைப் போட்டேன், வெள்ளச்சி தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் விட்டது. டவுனில் கடை நானா, "பழைய பேப்பரப் போட்டுப் பாருங்க, ஈரத்த உறிஞ்சிரும்" என்று ஒரு கட்டுக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் கூழாகிவிட்டது. சாக்கை வெட்டிப் போட்டேன். நூலைப் பிடுங்கித் தின்று, ஒரு நாள் முழுக்கப் புழுக்கையே போடவில்லை. அன்று எனக்கு உயிரே இல்லை. அது செத்துப்போனால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

உடப்புசல்லாவையில் இருக்கிற மகளுக்கு எழுதிக் கேட்டேன். "நான் கட்டிப் போனதுக்கப்பறம் வந்த முயலுப்பா அது. அம்மா என்ன போட்டாங்கன்னு கூட இருந்த உங்களுக்கே தெரியாதா?" என்று பதில் எழுதியிருக்கிறாள். கவர்மென்டுக்கு நாம் கொடுத்த பிரஜாவுரிமை மனுவுக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அதில் உன் பெயரும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்ல வேண்டுமா, அப்படியே விடலாமா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

உன்னோடு கொழுந்தெடுத்த பெண்களைக் கேட்டிருக்கலாமே என்பாய். வெட்கம் புள்ள. என் வீட்டுக்குள் என் பெண்டாட்டி என்ன செய்தாள் என்று ஊராரிடம் போய் எப்படிக் கேட்பது?

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பக்கத்துக் காம்பிரா பாக்கியம் வாசலில் நின்று மூக்கைப் பொத்தினாள். "அண்ணே, ஒங்க படுக்கையக் கொண்டாந்து வெயில்ல போடுங்க. வாடை எங்க வீட்டுக்கு வருது." நாலு மாதமாக நான் அதை எடுத்துத் தட்டவில்லை. தட்டி விரிப்பது உன் வேலையாயிற்றே. பாயைத் தூக்கினேன். கீழே சாக்கு. அதன் ஓரமெல்லாம் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. வாய்ப்பக்கம் கையை விட்டால் உள்ளே காய்ந்த மானாப்புல், ஒரு சாண் தடிப்புக்கு அடைத்திருந்தாய். அதற்கும் கீழே, விரல் இடைவெளி விட்டு அடித்த பலகை.

அப்படியே நின்றுவிட்டேன். பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"இது என்ன பாக்கியம்?"

"அய்யய்யே, இதுகூடத் தெரியாதா? மாசம் ரெண்டு கட்டுப் புல்லு அறுப்பாளே. ஒண்ணு வெள்ளச்சிக்கு, ஒண்ணு எங்க வீட்டுப் பெரிய முயலுக்குன்னு சொல்லிட்டுச் சிரிப்பா. மலையில எல்லாருக்கும் தெரியும்ணே."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. முயலுக்குப் போட்டதை எனக்குப் போட்டாயா, எனக்குப் போட்டதை முயலுக்குப் போட்டாயா? எது முதலில்? பாக்கியத்துக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே பலகையை இடைவெளி விட்டு அடித்து, புல் அறுத்துக் காயவைத்துத் தடிப்பாகப் போட்டேன். வெள்ளச்சி ஒரு சுற்றுச் சுற்றி, காலை நீட்டி ஒருக்களித்துப் படுத்தது. ஒரு குதி ஆறி வருகிறது. மற்றது இன்னும் சிவப்புத்தான். தேறிவிடும் என்கிறாள் பாக்கியம். எனக்கு நிச்சயமில்லை.

எந்தக் குளிரிலும் முதுகு வலிக்காமல் தூங்குகிறவன் என்று ஸ்டோரில் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! அதெல்லாம் என் உடம்பு வாகு என்றே நம்பியிருந்தேன். கொழுந்து நிறுக்க வந்த நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஒரு நாளாவது, "அடப்போங்க மாமா, அது நான் அறுத்த புல்லு" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

இனி மாதா மாதம் புல் அறுக்கப் போவேன், சத்தியம். பெண்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். வெள்ளச்சிக்குப் புதுசு போடுவேன், அதன் காலைத் தினமும் தூக்கிப் பார்ப்பேன். என் படுக்கையில் இருக்கிற புல் மட்டும் அப்படியே இருக்கட்டும். மக்கி வாடை அடிக்கிறது, முதுகும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அது நீ அறுத்தது புள்ள.

உன் மாமன்,
ராமையா