பட்டின்மேல் பட்டு

அக்கா,

நீ தூங்குகிறாய், எழுப்பாமல் தட்டெழுத்து வகுப்புக்குப் போகிறேன். ரசம் அடுப்படியில் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஜெயம் மாமியிடம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து உன்னைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்துவார்.

நேற்று விளக்கேற்றக் குனிந்தபோது நீ வழுக்கியது நாற்காலி மெத்தையால்தான். பூஜைக்கு மடியாக இருக்கட்டும் என்று அதற்குப் பட்டு உறை போட்டிருந்தோம். அதன்மேல் உன் பட்டுப்புடவை. வழுக்காமல் என்ன செய்யும்? இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் உன்னையே துண்டால் நாற்காலியோடு கட்டிவிட்டேன். "நான் என்ன மூட்டையாடா?" என்றாய். அதற்கப்புறம் நாற்காலியும் வேண்டாம், என்னோடு பேச்சும் வேண்டாம் என்றிருக்கிறாய்.

காலையில் சாஸ்திரிகளைக் கேட்டேன். "கம்பளியும் மடிதாண்டா, தாராளமா போடு. இந்தப் புழுக்கத்துல யார் உக்காருவான்னுதான் தெரியலை" என்று சிரித்தார்.

அப்பாவின் பழைய கம்பளிச் சால்வையில் உறை தைத்துவிட்டேன். இலவம்பஞ்சை வெயிலில் போட்டு, கட்டி உதிர்த்து அடைத்திருக்கிறேன். நான்கு மூலை நாடாக்களும் நாற்காலிச் சட்டத்தில் கட்டியிருக்கின்றன. குளித்துவிட்டு நானே உட்கார்ந்து குனிந்து பார்த்தேன், நகரவில்லை. ஆனால் நான் உன்னைவிடக் கனம். ஆகையால் முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார். பூஜை முடிந்ததும் மாமியிடம் கம்பளி உறையைக் கழற்றச் சொல். உள்ளே பருத்தி உறை இருக்கிறது.

விளக்கை நீயே ஏற்று. எனக்காகக் காத்திருக்காதே.

சேஷு

கம்பளி குத்தினால் வாய்விட்டுச் சொல், அக்கா. திட்டினாலும் சரி.