எழுந்து நிற்கும் பாட்டு

தார்ன்ராய்டு, யார்க்‌ஷயர்
18 டிசம்பர் 1938

திரு. பெரெல்ஸ் அவர்களுக்கு,

மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறேன். முடிவு எப்படி இருக்குமோ தெரியாது. நேற்று எங்கள் பாடகர் சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு ஊரே வந்திருந்தது. துதிப்பாட்டு தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்றோம். பாட்டை நடத்திக்கொண்டிருந்த நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், கையிலிருந்த தாளக்குச்சியைப் போட்டீர்கள், பக்கக் கதவு வழியாக ஓடிவிட்டீர்கள். "உங்க ஜெர்மன்காரருக்கு வயித்துக் கோளாறா?" என்று ஆலை முதலாளி என்னைக் கேட்கிறார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல?

செப்டம்பரில் நீங்கள் வந்ததுமே குரல் சோதனை வைத்தீர்கள். இருபத்திரண்டு வருடம் பாடிய என்னை, "உங்க குரலுக்கு ஓய்வு வேணும் மிஸ்" என்று வெளியே அனுப்பினீர்கள். பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. உங்களை நீக்கும் தீர்மானத்தை நானே எழுதிவிட்டேன். இந்த வேலை போனால், இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

மேபல் கிராப்ட்ரீ
செயலாளர்


19 டிசம்பர்

மிஸ் கிராப்ட்ரீ,

ஓடினவன் நானா? எழுந்தது நீங்கள்.

பிரெஸ்லாவில் பதினொரு வருடம் ஒரு பாடகர் குழுவை நடத்தினேன். 1933இல் ஒரு நாள், நடுப்பாட்டில், கேட்க வந்தவர்களில் முதல் வரிசை எழுந்தது. அப்புறம் இரண்டாவது வரிசை. யாரும் கத்தவில்லை. யூதன் நடத்துகிற பாட்டு வேண்டாமென்று முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். நான் காலி நாற்காலிகளுக்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் நடத்தினேன், முட்டாள் மாதிரி.

உங்கள் முதுகுகளையும் பார்க்கக் காத்திருக்க வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்தா? நீக்குங்கள். டீ ஆறிவிடுமே என்று பாட்டை அவசரமாக முடிக்கிற கூட்டம் நீங்கள். முதலில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஸீக்பெர்ட் பெரெல்ஸ்


20 டிசம்பர்

திரு. பெரெல்ஸ் அவர்களுக்கு,

அட கடவுளே! அது மரியாதை ஐயா. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றாராம். அன்றிலிருந்து இங்கே எல்லாரும் நிற்கிறோம். நடக்க முடியாத கிழவர்களைக்கூடத் தூக்கி நிறுத்துவோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆர்கன் வாசிக்கிற ஹெர்பர்ட் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டார்: "நாம எழுந்து நிப்போம்னு அவருகிட்ட சொல்லிட்டியா மேபல்?" சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. என்னை வெளியே அனுப்பிய நீங்கள் திருதிருவென்று விழிப்பதை ஊர் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கமிட்டியிடம் இதைச் சொல்லித் தீர்மானத்தைக் கிழித்துப்போடப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது. அதற்காக உங்களை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மேபல் கிராப்ட்ரீ


23 டிசம்பர்

மிஸ் கிராப்ட்ரீ,

பிரெஸ்லாவிலும் எங்கள் செயலாளருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். அவளும் சொல்லவில்லை. உங்களை மன்னிக்க மாட்டேன்.

கமிட்டி இருக்கச் சொல்கிறது. இருக்கிறேன், போக்கிடம் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய வாரம், பாதியில் நின்ற அந்தக் கச்சேரியை முதலிலிருந்து மறுபடி பாடுகிறோம். ஜனவரி ஐந்தாம் தேதி முதல் வாரம் மூன்று நாள் ஒத்திகை. டீ கிடையாது.

கச்சேரியன்று நீங்கள் முதல் வரிசையில் நடுவில் இருக்க வேண்டும். துதிப்பாட்டுக்கு ஊரே எழுந்து நிற்கட்டும். நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள்.

பெரெல்ஸ்


2 ஏப்ரல் 1939

திரு. பெரெல்ஸ் அவர்களுக்கு,

உட்கார்ந்திருந்தேன். முன்னூறு பேர் கண்ணும் என் முதுகில்தான். பக்கத்தில் நின்ற தங்கை குனிந்து, "கால் வலியாக்கா?" என்றாள். "இல்லடி, தண்டனை" என்றேன்.

நாற்காலிகள் நகர்ந்த சத்தத்தில் உங்கள் தோள் ஒரு தரம் உதறியதைப் பார்த்தேன். கை நிற்கவில்லை. நீங்கள் திரும்பவும் இல்லை.

இத்தனை வருடம் நானும் அந்தக் கும்பலில் நின்று கத்தியிருக்கிறேன். ஆலையில் நூல் நூற்கிற எங்கள் பெண்களுக்கு இப்படிப் பாட வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கிருந்தோ வந்த உங்களுக்கு ஏழு மாதத்தில் தெரிந்திருக்கிறது. அழுதேன். ஆத்திரத்தில்தான்.

என் குரல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. உங்கள் அனுமதியை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கச் சொல்லி உள்துறைக்கு இன்று காலை எழுதிவிட்டேன்.

மேபல் கிராப்ட்ரீ