கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு கடை

மே 4, ஞாயிறு

மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது பேருந்தில் ஏறியது.

கண்டக்டர் வேலை போன பிறகு இன்றுதான் என் பழைய வண்டியில் பயணியாகப் போனேன். இடமில்லை, நடுவில் நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். வண்டி நின்றதும் வாய் தானாகத் திறந்தது: "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க." அதோடு விட்டேனா? வலது கையையும் நீட்டிவிட்டேன். எதிரே நின்ற ஒரு பெரியம்மாள், வேறு ஏதோ நாட்டுக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். பரிதாபப்பட்டு உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து விரல்களையும் மடக்கிவிட்டார். திருப்பிக் கொடுத்தேன். வாங்கவே இல்லை.

கூட வந்த மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடுங்கப்பா. சொந்தத் தொழில்ல முதல் வருமானம்."

சொந்தத் தொழில். அதுதான் இப்போது வீட்டில் பேச்சு. டிக்கெட் கொடுக்க மெஷின் வந்துவிட்டது. கண்டக்டர்களையெல்லாம் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொகையைப் பற்றி வீட்டம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "ஏதாவது ஒரு கடைய போடுங்க. அது சொந்தக் கால்ல நின்னதும் நான் ஆஸ்பத்திரி வேலைய விட்டுடறேன்."

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அங்கே போடும் சோப்பு அவள் விரல்களைத் தின்றுவிட்டது. நுனியெல்லாம் வெடிப்பு. அவள் ஃபோன்கூட அவள் கைரேகையை ஒத்துக்கொள்வதில்லை. "நான்தான்டா" என்று அதோடு சண்டை போடுவாள்.

மே 7, புதன்

கடைசிக்கு முந்தின நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஒரு கடை காலி. ரயில் பெட்டி மாதிரி குறுகல், நீளம். என் வண்டியில் அதிகம் பேர் ஏறி இறங்குவது அங்கேதான். தெரு முழுக்க அடுக்குமாடிகள். எங்கெங்கிருந்தோ வந்து குடியிருப்பவர்கள். சில்லறை கேட்க நான் ஏழெட்டு மொழி கற்றதே அவர்களிடம்தான்.

கடை, மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவுடையது. வாடகையைச் சொன்னார். மரத்துப்போகும் ஊசி போடாமலே சொன்னார்.

"இந்தத் தெருவுல இது கம்மி சார். இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். ஃபோன் கவர் விக்கிற ஒருத்தரும் கேட்டுட்டே இருக்கார்."

முன்பணம் கொடுத்தால் கையிலிருப்பதில் பாதி போய்விடும். மீதியில் கடையை நிரப்ப வேண்டும். தவறினால் இன்னொரு தடவை தவறுவதற்குக்கூடக் காசு இருக்காது.

மே 10, சனி

மச்சான் வந்தான். வீட்டம்மாவின் தம்பி. எந்தத் தொழிலும் செய்ததில்லை. ஆனால் எல்லாத் தொழிலிலும் அவனுக்கு அனுபவம் உண்டு.

"மாமா, கண்ண மூடிட்டு சாப்பாட்டுக் கடை போடுங்க. வயிறு இல்லாத மனுஷன் உண்டா?"

மகள் கணக்கியல் படிக்கிறவள், விடுவாளா? "வயிறு எல்லாருக்கும் இருக்கு மாமா. நாக்குதான் அந்தத் தெருவுல ஆளுக்கு ஒன்னு. யாருக்குன்னு சமைப்பீங்க?"

"வந்துட்டா பெரிய கணக்குப்பிள்ளை!"

வீட்டம்மா தலை நிமிராமல் விரலில் களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள்: "சமைக்கப் போறது யாரு?"

மச்சான் மின்விசிறியைப் பார்த்தான். நானும் அதையேதான் பார்த்தேன்.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் மகளோடு அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். பேருந்துக்குப் பேருந்து கூட்டம் கொட்டுகிறது. "பாத்தியா!" என்றேன், ஏதோ நானே பெற்று வளர்த்த கூட்டம் மாதிரி.

"கூட்டத்த பாக்காதீங்கப்பா. கைய பாருங்க."

பார்த்தேன். ஒரு கைகூடக் காலி இல்லை. காய்கறிப் பை, பால் பை, பொட்டலம். எல்லாம் வேலைக்குப் போன இடத்தில், விலை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கியவை. இறங்குகிறார்கள், நேரே வீட்டுக் கதவுக்குப் போகிறார்கள். கடைப் பக்கம் ஒரு கழுத்தும் திரும்பவில்லை.

இத்தனை வருஷம் இதே கூட்டத்தை இறக்கிவிட்டவன் நான். இறங்குவதைத்தான் பார்த்தேன். எங்கே போகிறார்கள் என்று பார்த்தேனா? அதற்குள் விசில் ஊதியிருப்பேன். அந்தக் கடையில் முதலில் இனிப்பு விற்றார்கள், அப்புறம் துணி, அப்புறம் பழச்சாறு. மூன்றும் என் கண்ணெதிரே செத்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் "அட, போர்ட மாத்திட்டாங்களே" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினேன்.

ஆக, அங்கே எந்தப் பொருளை விற்றாலும் போணியாகாது. வேறு என்னதான் செய்வது? சும்மா உட்கார்ந்திருக்கவா அவ்வளவு வாடகை?

மே 16, வெள்ளி

காலையிலிருந்து மழை. மறுபடியும் அங்கேதான் போனேன். நிழற்குடைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். அப்போது வந்தது அந்த வாடை.

எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. பாதி காய்ந்து பாதி காயாத துணியின் வாடை. மழைக்காலத்தில் அந்த நிறுத்தம் தாண்டினாலே வண்டி முழுக்க அதுதான். "குளத்துல இருந்து ஆள் ஏத்தியாச்சு, போலாம்" என்று டிரைவரிடம் சொல்வேன். ஏறுகிறவர் எந்த நாடோ, எந்த மொழியோ, சட்டையின் வாடை மட்டும் ஒன்று.

பக்கத்தில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் துணியெல்லாம் எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். என்ன மனுஷன் இவன் என்று பார்த்தாள். அப்புறம் பாதி அவள் மொழியிலும் பாதி நம் மொழியிலுமாகச் சொன்னாள். பால்கனியில் கொடி கட்டக்கூடாதாம், வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். உள்ளே மெஷின் வைக்க இடமில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் கயிறு கட்டியிருக்கிறார்களாம். அடியில் எப்படிப் போவார்கள் என்று அந்த நிழற்குடைக்குள்ளேயே குனிந்து நடந்து காட்டினாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே குனிதல்தான் போலிருக்கிறது.

துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கும் கடை! எந்த நாக்காக இருந்தால் என்ன, சட்டை போடாமல் யார் வேலைக்குப் போவார்கள்? பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. உள்ளே இவள் வேலையிலிருந்து வந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஓடி வர்றீங்க?"

"மழை" என்றேன். மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது.

மே 17, சனி

சொல்லவில்லை. சலவையிலிருந்து அவளை மீட்க ஒரு கடை தேடப் போனவன், சலவைக் கடையோடு வந்து நிற்கிறேன். எந்த முகத்தோடு சொல்வது?

மே 19, திங்கள்

பழைய மெஷின்களைச் சரிபார்த்து விற்கும் ஒருவரிடம் போய் விலை கேட்டேன். கேட்டதோடு சரி. ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் மச்சான் உட்கார்ந்திருக்கிறான். "மாமா, சமையலுக்கு ஆள் பேசிட்டேன். நல்ல ஆளு. இப்ப உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்." இடையில் டாக்டரம்மாவும் கூப்பிட்டார், தேதி ஞாபகம் இருக்கா சார் என்று.

சரி என்றேன். மச்சானிடம், சாப்பாட்டுக் கடைக்கு, சரி என்று சொல்லிவிட்டேன். ஓடாது என்று தெரிந்தே சொன்னேன். தோற்பதுகூட எளிதாகத் தெரிந்தது. அவளிடம் போய் 'மறுபடியும் சோப்புத் தண்ணி' என்று சொல்வதைத்தான் நினைக்கவே முடியவில்லை. என்ன புத்தி இது?

மே 20, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்திருக்கிறது, இவள் எடுத்திருக்கிறாள். மெஷின்காரர் என்னைவிட வெள்ளந்தி. "வாஷிங் மெஷின் நாலு ரெடியா இருக்கும்மா, சலவைக் கடைக்கு நல்லா உழைக்கும், சார் வந்து பாக்கட்டும்."

துண்டோடு வெளியே வந்தேன். ஃபோனை என் கையில் கொடுத்தாள். அழைப்பை அவள் துண்டிக்கவே இல்லை. நானும் அவர் குரலைக் கேட்டேன். "ஹலோ, ஹலோ, அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

மே 21, புதன்

"தட்டு" என்றாள் இவள், மதியம் சோறு போடும்போது. இன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மே 24, சனி

நாளைக்குக் கெடு. காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கடைய காட்டுங்க."

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பாதி வழிக்குமேல் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"சாப்பாட்டுக் கடைன்னு தம்பி சொல்றான். சலவைக் கடைன்னு மெஷின்காரர் சொல்றார். நீங்க ஒன்னுமே சொல்லல."

"உன்கிட்ட எப்படி சொல்றது?"

"வாயால."

கடைக்குள் போனதும் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்தாள். ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சுவர் ஓரமாக, தேர்வு முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன். நிழற்குடை, வாடை, கயிற்றுக்கடியில் குனிந்து காட்டிய பெண், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இங்க சாப்பாட்டுக் கடை ஓடுமா?"

"ஓடாது."

"தெரிஞ்சேதான் தம்பிக்கு சரின்னு சொன்னீங்களா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக நஷ்டப்படப் போறீங்களாக்கும். நல்லா இருக்கே நியாயம்." குரல் உடைந்தது. சட்டென்று திரும்பி, திறந்தே இருந்த குழாயை மூடினாள்.

திரும்பியபோது வெறும் வியாபாரக் குரல். "நாலு மெஷினுக்கு இந்தச் சாக்கடை தாங்காது. துவைக்க ரெண்டு, உலர்த்த ரெண்டு போதும். துவைக்கிறது நீங்க. ஈரத்துல நான் ஒரு விரல்கூட வைக்க மாட்டேன். கடை நிக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிய விடவும் மாட்டேன். சம்மதமா?"

நான் தலையாட்டியதில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாவிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. மச்சானிடம் அவளே பேசிக்கொள்கிறாளாம். அந்த உரையாடல் நடக்கும் இடத்தில் நான் இருக்கப் போவதில்லை.

ஜூன் 28, சனி

திறந்தாயிற்று. போர்டில் எந்த மொழியும் இல்லை. ஒரு சட்டை, அதற்குமேல் ஒரு சூரியன். மகளின் யோசனை. துணி மூட்டைக்கு ஒரு சீட்டு, கொடுத்தவர் கையில் அதன் மறுபாதி. திரும்ப வாங்க வேண்டிய கிழமைக்கு நேரே பழைய பழக்கத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்கிறேன். எந்த நாட்டுக்காரருக்கும் புரிகிறது. மச்சான் கோபமெல்லாம் மறந்து வந்து மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி நின்றான். "பக்கத்துலயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டா, துணி துவைக்கிற நேரத்துல..." இவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

ஜூலை 9, புதன்

மெஷின் சும்மா நிற்கிறது. நானும்தான்.

ஜூலை 20, ஞாயிறு

மகள் கண்டுபிடித்துவிட்டாள். மற்ற நாளெல்லாம் வருவது ஆண்களின் துணி மட்டும், அதுவும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா வந்து முன்னால் உட்கார்ந்தால் பெண்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் தங்கள் உள்ளாடையைக் கொடுக்க எந்த நாட்டுப் பெண்ணுக்கும் மனம் வராது. வீட்டுத் துணி மொத்தமும் இருப்பது அவர்கள் கையில். இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

"அம்மா உக்காந்தா அது கடை. நீங்க உக்காந்தா பஸ் ஸ்டாப்" என்றாள்.

இப்படியே போனால் முன்பணத்தில் கழித்துக் கழித்து வருஷக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். யாரையாவது பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்றால், வாடகைக்குப் பிறகு சம்பளத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று இவள் கையில் பை இல்லாமல் வந்தாள். சீருடை வைக்கும் பை.

"கடை நின்னா வேலைய விடறேன்னு சொன்னேன். நான் விட்டாதான் கடை நிக்கும்போல இருக்கு. விட்டுட்டேன்."

இருந்த ஒரே சம்பளமும் நின்றது. தூக்கமும் நிற்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாள் முழுக்க மழை. மூட்டைகள் வாசல் வரை வந்துவிட்டன. இந்த மாத வாடகையை டாக்டரம்மாவிடம் கையிலேயே கொடுத்தேன். முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிதாக எதுவும் மிஞ்சவுமில்லை. ஆனாலும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, தன் வெள்ளைக் கோட்டுகளையும் கொடுத்தனுப்பினார்.

மதியம் என் ஃபோன் திறக்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். "நான்தான்டா" என்றும் சொல்லிப் பார்த்தேன். இவள் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து மேசைமேல் என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் தன் ஃபோனில் கட்டைவிரலை வைத்தாள். திறந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். திறந்தது.

"பாத்தீங்களா?"

சாயங்காலம் மாடி வீடுகளில் துணி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவள் ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு ஓரத்தை மோவாயில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து ஒரே உதறு. ஆஸ்பத்திரியில் மடித்த அதே மடிப்பு. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். "என்ன, வெளியவே நிக்கிறீங்க?"

"உள்ள போங்க, உள்ள போங்கன்னு யாரும் சொல்லலியே."

சிரித்தாள். நான் போய் எதிர்முனையைப் பிடித்தேன். இழுத்தோம், நேராக்கினோம், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். மூலையும் மூலையும் சேர்ந்த இடத்தில் அவள் முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. 'தப்பிக்கணும்னு நீ நினைச்ச அதே வேலைதானே இது, உனக்கு மனசார சம்மதமா?' நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விரிப்பின் என் மூலைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்தேன்.