கொசுறு இல்லாத உப்பு

அம்மா,

தராசில் கடைசி எண் நிற்கவில்லை. இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். தட்டில் ஒரு மடித்த தாள், அதன்மேல் கொஞ்சம் உப்பு. திரையில் பூஜ்ஜியம், புள்ளி, ஒன்பது வரைக்கும் அசையாமல் இருந்தன. அடுத்த எண் மட்டும் பூஜ்ஜியமாகி, ஒன்றாகி, மறுபடி பூஜ்ஜியமாகிக்கொண்டிருந்தது. மேலே குளிர்சாதனத்திலிருந்து காற்று இறங்கியது. என் மூச்சாகவும் இருக்கலாம் என்று மூச்சை அடக்கிப் பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உனக்குத்தான் முதலில் சொல்வேன், எப்போதும்போல. பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

நீ படித்த அதே பாடம்தான் அம்மா. மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்களுக்கான அடிப்படை வேதியியல், அதில் முதல் பகுதி அளவிடுதல். நான் சேர்ந்திருப்பது உன்னுடையதைவிடச் சின்ன வகுப்பு. பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். பிடிக்காவிட்டால் முதல் வாரத்துக்குள் விலகிக்கொள்ளலாமாம். இன்று விலகிவிடுவது என்று முடிவு செய்துதான் காலையில் பிடோக்கில் ரயில் ஏறினேன். காரணம் உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொருவரும் தராசு காட்டிய அளவை எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், தான் பலகையில் எழுதுவேன் என்று ஆசிரியை நேற்றே சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் ஆனது. ஒரு படத்தைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படத்தில் இருந்த எல்லாம் எனக்குத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது என்று ஒன்றைக்கூட எடுத்துச் சொல்ல முடியவில்லை. பேசாமல் உட்கார்ந்தேன், பிறகு போகாமல் இருந்தேன், பிறகு போகவே இல்லை. வீட்டில் அப்பா கத்தினார். நீ கத்தவில்லை. மறுநாள் என்னைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ வேலை பார்த்த காய்கறிக் கடையில் வெங்காயம் தரம் பிரிக்க உட்காரவைத்தாய். வெங்காயத்தோடு பேச வேண்டியதில்லை.

அங்கே உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்பார்கள். தராசு அரைக் கிலோவைக் காட்டும். அதன் பிறகும் உன் கை சும்மா இருக்காது. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், ஆள் வயதானவரென்றால் இன்னொரு கத்தரிக்காய். கொசுறு போடாமல் ஒரு பையை நீ கட்டி நான் பார்த்ததில்லை. கடைக்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

“இப்படி அள்ளிக் குடுத்தா கடைய உன் பேர்ல எழுதிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் லா.”

“எழுதுங்க மாமா. போர்டுல பேர மட்டும் பெரிசாப் போடுங்க” என்றாய் நீ, பையைக் கட்டிக்கொண்டே.

நாற்பதைத் தாண்டிய பிறகு நர்ஸ் வேலைக்கான தாதிமைப் படிப்பில் சேரப்போகிறேன் என்று நீ சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. காலையில் கடை, மதியத்துக்குப் பிறகு வகுப்பு. படிக்க உனக்குக் கிடைத்தது ரயில் மட்டும்தான். புத்தகத்தை என் மடியில் வைத்து, “நீ கேளு, நான் சொல்றேன்” என்பாய். கேள்வி கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. விடை புத்தகத்தின் கடைசியில் இருந்தது, அதைச் சொல்ல வேண்டியவளும் நான் இல்லை. நீயோ ரயில் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்வாய். ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எதிரே நின்றவர்களெல்லாம் தெரிந்துகொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒருமுறை நான் புத்தகத்தில் இல்லாத கேள்வியையும் கேட்டேன். பாயிண்ட் ஒன்பதும் பாயிண்ட் ஒன்பது பூஜ்ஜியமும் ஒன்றுதானே, பிறகு ஏன் பூஜ்ஜியத்தை விட்டால் மதிப்பெண் குறைக்கிறார்கள் என்று. நீ இரண்டு நிலையம் வரை யோசித்தாய்.

“நம்ம கடைக்கு ரெண்டும் ஒண்ணு. இங்க அந்தப் பூஜ்ஜியம் சும்மா இல்லடி. அது வரைக்கும் நான் பார்த்துட்டேன்னு சொல்லுது.”

உன் முதல் செய்முறை வகுப்பு நடந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே அது நின்றும்விடுகிறது. நூறு மில்லி உப்புநீர் செய்ய வேண்டும், நரம்பில் ஏற்றுகிற அதே பதத்தில். பாயிண்ட் ஒன்பது பூஜ்ஜியம் கிராம் உப்பு. நீ ஒவ்வொரு துகளாகத் தட்டித் தட்டிச் சரியாகக் கொண்டுவந்துவிட்டாய். திரை காட்டியது, நீயும் பார்த்தாய். பார்த்த பிறகு உன் கை அதுபாட்டுக்கு இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டுவிட்டது.

ஏன் கூடுதலாக இருக்கிறது என்று விரிவுரையாளர் கேட்டாராம். கொசுறு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? “நான் என்ன சொல்ல? ‘ஃப்ரீ, சார்’னேன்” என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். வகுப்பே சிரித்ததாம், அவரும் சிரித்தாராம். அப்பாகூடச் சிரித்தார். பிறகு விரிவுரையாளர் பலகையில் வட்டமாக ஒரு இரத்த அணுவை வரைந்து, வெளியே உப்பு கூடினால் அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறி அது சுருங்கிவிடும் என்று காட்டியிருக்கிறார். “வாடின கத்திரிக்கா மாதிரி ஆயிடுமாம்” என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, “கூடக் குடுத்தா நல்லதுன்னுதானே இத்தனை நாளா இருந்தேன்” என்றாய், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் கடையில் உன் கை கறிவேப்பிலைக்குப் போனபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்டுகொண்டாய். “இது ரத்தத்துல போகாது. சோத்துலதான் போகுது” என்று சொல்லி வழக்கத்தைவிடப் பெரிய கொத்தாக எடுத்தாய்.

இன்னொன்றும் சொன்னாய், அதே வாரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. எந்தக் கருவியிலும் கடைசி எண் கொஞ்சம் சந்தேகமானதுதானாம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். “சந்தேகமா இருக்குன்னு வாய மூடிக்கிட்டா அப்புறம் அளவே இல்ல.” பாடத்தை ஒப்பித்தாயா, எனக்குச் சொன்னாயா? நீ என்னைப் பார்க்கவில்லை, தலையணை உறையின் நான்கு மூலைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை. அப்போதே கேட்டிருக்கலாம். பிறகு கேட்கலாம் என்று இருந்தேன்.

அதன் பிறகு அதிகக் காலம் இல்லை. கடையில் பை கட்டும்போதே சரிந்தாய். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் உன் கட்டிலுக்கு மேலே நரம்பில் ஏற்றுகிற பை தொங்கியது. நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புநீர், பாயிண்ட் ஒன்பது சதவீதம் என்று அச்சடித்திருந்தது. ஒன்பதுக்குப் பின்னால் பூஜ்ஜியம் இல்லை. ஏன் இல்லை என்று உன்னைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவும் கேட்டேன். தாதி திரும்பிப் பார்த்தார். கேள்வி கேட்கிறவள் நான்தானே அம்மா. நீ பதில் சொல்லவில்லை.

இந்தப் படிப்பில் சேர்ந்தது உனக்காக என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்பா அப்படித்தான் உறவினரிடமெல்லாம் சொல்கிறார். அப்படி இல்லை. அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை, அவ்வளவுதான். வெங்காயம் பிரிக்கும்போதும் அதுதான், ரயிலில் நிற்கும்போதும் அதுதான். ஆனால் கேள்வி இருந்தால் போதும், பதில் சொல்ல வேண்டியிருக்காது என்று நான் நினைத்துவிட்டேன்.

இன்று என் பக்கத்து இருக்கையில் நஸ்ரீன் இருந்தாள். ஜூரோங்கிலிருந்து வருகிறாள், என் வயதுதான், வாய் ஓயாது. முதல் நாளே, “நீ ஊமையா, இல்ல என்னைப் பிடிக்கலையா? எதுன்னு சொல்லிடு லா, நான் கோச்சுக்க மாட்டேன்” என்று கேட்டவள். அவளுடைய உப்பு முதலிலேயே சரியாக வந்துவிட்டது. பையை நான் தோளில் மாட்டியிருந்ததை அவள் பார்த்தாள். கதவு எங்களுக்குப் பின்னால்தான் இருந்தது.

முன்வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியை எழுதிக்கொண்டே வந்தார். எல்லாருடைய எண்ணும் நின்றுவிட்டது போலத்தான் சொன்னார்கள், யாரும் தயங்கவில்லை. என் திரையில் மட்டும் அது இன்னும் மாறிக்கொண்டிருந்தது.

நஸ்ரீன் என் பக்கம் சாய்ந்தாள். “உன்னோடதையும் நானே சொல்லிடறேன். நீ பேசாம உட்காரு. கேட்டா தொண்டை சரியில்லன்னு சொல்லிக்கலாம்.”

நல்ல பெண் அம்மா. கேட்காமலே கொடுக்கிறாள். உனக்குப் பிடித்திருக்கும். சரி என்று தலையாட்ட நினைத்தேன். ஆட்டியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள், பலகையில் ஒரு எண் விழுந்திருக்கும், நான் நாளைக்கு வராமல் இருந்திருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அவள் என் தராசைப் பார்க்கவில்லை. கடைசி எண் வரைக்கும் பார்த்தது நான்தான்.

“வேணாம்” என்றேன்.

அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுத் தன் எண்ணை மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். அடுத்தது நான். எழுந்தபோது நாற்காலி பின்னால் இடித்தது, எல்லாரும் திரும்பினார்கள். பாயிண்ட் நைன் ஸீரோ என்று சொன்னேன். கடைசி எண் ஆடுகிறது, அது மட்டும் நிச்சயமில்லை என்றும் சொன்னேன். எனக்கே கேட்காத குரல். ஆசிரியை பேனாவைப் பலகையில் வைத்தபடி, காதை என் பக்கம் திருப்பி நின்றார்.

இன்னொரு முறை சொன்னேன், சத்தமாக.