ராமனுக்கு முடிந்து வைத்த ஜம்பு

ஆவணி 6, ஞாயிறு

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. வேலை இல்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து கரங்கான் டவுனுக்கு நடை. போனவர்கள்: நான், மருமகள் செல்லம்மா, பேத்தி வள்ளி, நாத்தனார் ராஜம்மா, அவள் மகன் குமரன். வேறு ஒருவரும் இல்லை.

கடைகளில் வாங்க ஒன்றுமில்லை. ஜம்பு மரங்களைப் பார்த்தபடி சும்மா சுற்றினோம். தோட்டத்துப் பழைய வெள்ளைக்கார துரையின் பெண்டாட்டி முதலில் ஆப்பிள் விதைதான் தகர டப்பாவில் போட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. பிறகு ஜம்பு நட்டு, அதையே ஆப்பிள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து டவுனெல்லாம் நட்டார்கள்.

சீனன் கடைக்குப் பின்னால் வெள்ளை ஜம்பு. நட்டவள் என் மாமியார். காய்ப்பு அதிகம், இனிப்பு கிடையாது. அவளும் அப்படித்தான்.

பாலத்தடியில் சிவப்பு. நட்டவன் மாரி. சப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். சேதி இல்லை.

கோயிலுக்குப் பின்னால் என் மரம். மகன் ராமன் பிறந்தபோது தொப்புள்கொடியைப் புதைத்து நட்டது. காய்ப்பின் முதல் பழம் அவனுக்கு. அவன் ஊரில் இல்லாவிட்டால் சாமி முன் வைத்துவிட வேண்டும். இன்று முதல் பழம். பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ராமன் பினாங்குக்கு ஓடிவிட்டான் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். சயாமுக்குப் பயந்து ஆற்றுக்கு அப்பால் மரவள்ளிக் கொல்லையில் ஒளிந்திருப்பது எனக்கும் செல்லம்மாவுக்கும் மட்டும் தெரியும். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து சயாமுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டுமாம். தோட்டத்துக் கங்காணி குமரன் பேரைக் கொடுத்திருக்கிறான்.

ஆவணி 7, திங்கள்

மழை. வள்ளிக்கு இருமல். ராஜம்மா கீரை கொண்டு வந்தாள். இருபது வருடத்தில் முதல் தடவை. பழத்தைச் சாமிக்கு வைத்தீர்களா என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். இருட்டியதும் செல்லம்மா அதை ராமனுக்குக் கொண்டுபோனாள்.

ஆவணி 8, செவ்வாய்

விடியுமுன் சப்பான்காரர் இருவர், கங்காணி. வேறெங்கும் தேடவில்லை, நேரே கொல்லைக்கு. ராமன் லாரியில். சட்டைகூட இல்லை. செல்லம்மா பின்னால் ஓடி விழுந்தாள். முட்டி பிளந்துவிட்டது.

கங்காணி என்னைப் பார்த்துச் சிரித்தான். “சாமிக்கு வைக்காம மடியில முடிஞ்சியாமே கெழவி. ஒன் நாத்தனாதான் மருமக பின்னாலயே போயி எடத்தப் பாத்துட்டு வந்து சொல்லிச்சு.”

என் கை செய்த வேலை. பழக்கத்தில் முடிந்துவிட்டது.

ஆவணி 10, வியாழன்

வெயில். உப்பு இல்லை. குமரன் பால் மரம் வெட்டப் போகிறான், சீட்டியடித்துக்கொண்டு.

ராஜம்மா வாசலில் வந்து நின்றாள்.

“எனக்கு இருக்கறது ஒண்ணுதானே அண்ணி.”

“எனக்கு மட்டும் பத்தா இருக்கு?”

அழுதாள். உட்காரச் சொல்லவில்லை. உன் மகன் செத்தால் அழ வரமாட்டேன், நீ செத்தால் சோறு பொங்கி விருந்து வைப்பேன் என்றேன். குமரன் கேட்கும்படிதான் சொன்னேன்.

சப்பான்காரன் அந்நியன். கங்காணி எவன் சோறு போட்டாலும் வாலாட்டுகிறவன். அவர்களை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். இவள் பிறந்தபோது குளிப்பாட்டிய கை என்னுடையது. ராஜம்மாவை மன்னிக்க மாட்டேன்.