குடிக்காமல் குடிகாரனானது

17 நவம்பர் 2013, ஞாயிறு

என் மகள் ஷீபாவைப் பெண் பார்க்கக் கருங்கல் ஊரிலிருந்து வந்தார்கள். அவள் பெங்களூரில் கற்ற வித்தையைக் காட்டத் தக்காளியும் சீஸும் போட்டுப் பாஸ்தா செய்திருந்தாள். அந்த இரண்டும் எனக்கு ஆகாது. உடம்பில் அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் தங்கிவிடுகிறது என்று டாக்டர் சொன்னது என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். பெற்ற அப்பனே தட்டைத் தள்ளினால் மகள் சமையலை யார் மதிப்பார்? தின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மூஞ்சி செம்பருத்தியாகி, கண்ணும் மூக்கும் ஒழுகின. பையனின் மாமா என் பக்கம் சாய்ந்து, "என்ன அண்ணாச்சி, பகல்லயே ஊத்தியாச்சா?" என்றார்.

சீக்கு என்றால், மகளுக்கும் வருமா என்று கேட்பார்கள். குடி என்றால் கெட்டவன் நான் மட்டும்தானே? "கொஞ்சம்போல" என்று இளித்தேன். சொட்டு குடிக்காமல் குடிகாரனானவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

யாரும் சிரிக்கவில்லை. காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். வண்டி இரணியல் தாண்டும் முன்பே போன் வந்தது: "குடிக்கிற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்."

வீட்டுக்காரி அடுக்களைக்குள் போய்விட்டாள். ஷீபாதான் மாத்திரையோடு வந்தாள்.

"அம்மா இப்பதான் சொன்னா. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா?"

"உனக்காகத்தான் மக்கா மறைச்சேன்."

அவள் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். என் மூஞ்சியைப் போலவே சிவந்து தடித்திருந்தது.

"உப்பு பாக்க ஒரு வாய்தான் தின்னேன். கொஞ்ச நாளாவே இப்பிடித்தான்" என்றாள்.

வீட்டில் இருந்தது அந்த ஒரு மாத்திரைதான். பாதியாக உடைத்தோம்.