தொட்டிக்கு எது வாய்

12 மே, திங்கள்

கடை திறந்ததும் மாமா வெண்கட்டி எடுத்துத் தரையில் கோடு கீறினார், மீன்தொட்டியைச் சுற்றி. ஜூஸ் கவுண்டருக்கு அளவாம்.

“பெருநாளைக்கு முந்தி இத எடுத்துருவம், பஸ்னா. சோறு தின்ன வாற மனிசன் இந்த ஊத்தயப் பாத்துக்கிட்டா தின்னுற?”

“தொட்டி எங்கயும் போகாது மாமா. ஊத்ததான் போகும்” என்றேன், கல்லாவில் இருந்தபடியே.

அவர் சமையற்காரரிடம் திரும்பி, “என்ட மருமகளுக்கு வாய் மட்டும் ஒன்பதடி” என்றார். தொட்டியும் ஒன்பதடிதான். பொருத்தம்.

15 மே, வியாழன்

தங்கமீன்களில் ஒரு குறையும் இல்லை. என்னைக் கண்டால் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எச்சமும் மிஞ்சிய தீனியும்தான் பின்மூலையில் போய்ப் படுத்துவிடுகின்றன. காலையில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தால் பின்னேரம் அதே கும்பல். பில்டர் நல்லாத்தான் ஓடுகிறது. குப்பை அதனிடம் போய்ச் சேரவேண்டுமே!

என் வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். “வாப்பாட சொல்லுக்கே விட்டுருங்களன். வீட்டுல சின்னதா ஒன்டு வைப்பம்.” எரிச்சலாக வந்தது. இந்தக் கடையின் கறி, நிறம், பெயர்ப்பலகை எல்லாமே மாமாவின் தீர்மானம். நான் கேட்டு, நான் இடம் காட்டி வந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான். இதுவும் போனால் நான் இங்கே மிச்சக்காசு கொடுக்கிற ஆள், அவ்வளவுதானே? விடமாட்டேன்.

17 மே, சனி

வழி கண்டுவிட்டேன்!

தண்ணீர் ஓடாத இடத்தில் குப்பை தங்கும். காத்தான்குடி வாவிக்கரையில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரியில் மணல் மூடிய ஆற்றுவாயைக் கடலுக்கு வெட்டிவிட்டால் வாவி என்ன பாய்ச்சல் பாயும்! அதேபோல் பலமான மோட்டர் ஒன்று பூட்டி, தண்ணீரை அந்த மூலைக்குள்ளேயே பாயவிடப் போகிறேன். அடிக்கிற அடியில் குப்பை கிளம்பி ஓடவேண்டும்.

யாக்கோப்பு அண்ணனிடம் வேலையைக் கொடுத்தாயிற்று. வாழைச்சேனையில் வள்ளங்களுக்கு மோட்டர் பூட்டுகிறவர்.

19 மே, திங்கள்

ஏறாவூரில், தங்கச்சி வீட்டில். அவளுக்குக் காய்ச்சல். இன்றைக்குத்தான் யாக்கோப்பு அண்ணனுக்கு நேரம் கிடைத்ததாம். போனிலேயே சொன்னேன்: “பைப்புட வாய் பின்மூலைக்குள்ள வரணும், அடியோட.”

“வாய்தானே தங்கச்சி? ஓம் ஓம், விளங்கிற்று.”

20 மே, செவ்வாய்

என்னத்தை விளங்கினார் இந்த மனிசன்! எல்லாம் தலைகீழ். தண்ணீர் பாயவேண்டிய மூலையில் உறிஞ்சுகிற பைப். பாய்கிற பைப்பைக் கொண்டுபோய் முன்கண்ணாடியோரம் மேலே கட்டியிருக்கிறார்.

வரச்சொன்னேன். வந்தார்.

“வாய மூலைல வைக்கச் சொன்னனே அண்ணன்?”

“அதத்தானே வெச்சிருக்கன்.”

“இது உறிஞ்சுது!”

“பின்ன? வாயாலதானே குடிக்கிற.”

“துப்புறதும் வாயாலதான். ஆத்துவாய் கடலுக்குள்ள துப்புதில்லையா?”

“அது ஆத்துக்கு, தங்கச்சி. மோட்டருக்கு வாய் எண்டா குடிக்கிற பக்கம்.”

சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவின் சிரிப்புத்தான் பெரிசு. வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிப் போனார்.

21 மே, புதன்

மாற்ற வரவேண்டாம் என்று யாக்கோப்பு அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. மூலையில் குப்பை இல்லை!

22 மே, வியாழன்

கல்லாவை விட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் முன்கண்ணாடியோரமாக ஓடுகிறது. அடுத்த பக்கம் முட்டித் திரும்புகிறது. பின்னால் வந்து மூலைக்குள் இறங்குகிறது. வரும் வழியில் கிடக்கிற குப்பையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அங்கேதான் பில்டருக்குப் போகிற வாய் திறந்தபடி காத்திருக்கிறதே!

நான் நினைத்தபடி செய்திருந்தால்? குப்பை கிளம்பித் தொட்டி முழுக்கக் கலங்கி, வேறொரு மூலையில் போய்ப் படுத்திருக்கும். மாமா பெருநாள் வரைக்கும் பொறுத்திருக்கவும் மாட்டார்.

சரி, என் யோசனை பிழைதான். மூலை நான் சொன்ன மூலைதானே?

26 மே, திங்கள்

நடுவில் இன்னும் கொஞ்சம் தேங்குகிறது, பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னால். மாமா ஆசையாக வாங்கிப் போட்ட கோட்டை. கேட்காமலே எடுத்தேன். பாய்கிற பைப்பையும் சற்றுக் கீழே சரித்தேன். ஒரு மீன் உறிஞ்சுகிற பக்கம் போய் வாலை நீட்டியதைக் கண்டதும் வாய்க்குக் கண் பெருத்த வலை கட்டினேன். சின்னக்கண் வலை என்றால் அடைத்துக்கொள்ளும்.

“கோட்டை எங்க?” என்றார் மாமா.

“தண்ணிட பாதைல நின்டிச்சு, மாமா. எடுத்துட்டன்.”

குனிந்து தொட்டிக்குள் கனநேரம் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

1 ஜூன், ஞாயிறு

குழாய் விட்டு உறிஞ்சுகிற வேலையே இல்லை. பில்டர் பஞ்சைக் கழுவுவதோடு சரி. மாமா கவுண்டரைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கோடு மட்டும் அப்படியே கிடக்கிறது.

8 ஜூன், ஞாயிறு

பெருநாளைக்கு மறுநாள். கதிரை போதவில்லை. பொலன்னறுவைப் பக்கம் போகிற குடும்பங்கள் எல்லாம் தொட்டிப் பக்கத்து மேசைதான் கேட்கின்றன. ஜூஸ் கவுண்டரை வாசலடியில் போட்டிருக்கிறார் மாமா. வெயிலுக்கு அங்கேதான் வியாபாரமாம்.

ஒருவர் கேட்டார், “இவ்வளவு பெரிய தொட்டி, ஒரு தூசி இல்லியே. எப்பிடி ஹாஜியார்?”

மாமா கல்லாப் பக்கம் கையைக் காட்டினார். “எல்லாம் என்ட மருமகள்ட வாயால வந்தது.”

பெருநாள் சாப்பாட்டுக்கு வந்திருந்த யாக்கோப்பு அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பத்துக் கோழிக்கறி பார்சலுக்கு ஒன்பது பார்சலின் காசை வாங்கிப் போட்டேன்.

பின்னேரம் கூட்டம் குறைந்ததும் மாமா தரையைப் பார்த்தார். வெண்கட்டிக் கோட்டைச் செருப்பால் தேய்த்தார். போகவில்லை. துணியை நனைத்துக் கொண்டுவந்து, முழங்கால் நோவோடு மெல்லக் குந்தினார்.

‘விடுங்க மாமா, நான் துடைக்கிறன்’ என்று சொல்லத்தான் எழும்பினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அவர் கீறின கோடு. அவரே துடைக்கட்டும்.